தடயம் இல்லாத பவர்: டர்போ கார்களுக்கான ப்ளக்-இன் பெட்டிகள்

டர்போ டீசல் கார்களுக்கு என்று விற்கிற ப்ளக்-இன் பெட்டிகளின் அட்டையை வாசித்துப் பாருங்கள். எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் நாலு விஷயம் மாறி மாறி வரும். பவர் 25, 30 சதவீதம் கூடும். மைலேஜும் கூடும். ஐந்து நிமிடத்தில் நீங்களே மாட்டிக்கொள்ளலாம். கழற்றிவிட்டால் வண்டியில் எந்தத் தடயமும் இருக்காது.

வாங்குகிறவர்கள் முதல் இரண்டைப் பார்க்கிறார்கள். மெக்கானிக் மூன்றாவதைப் பார்க்கிறார். எனக்கு நாலாவதில்தான் கண் நின்றது. ஒரு பொருளை விற்கும்போது, "இதை மாட்டியிருந்தது யாருக்கும் தெரியாது" என்பதை ஏன் ஒரு சிறப்பாகச் சொல்ல வேண்டும்? யாருக்குத் தெரியக்கூடாது?

இதை எழுதக் காரணம் என் சித்தப்பா மகன். சிவகிரியில் வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய டிசைர் டீசல் வாங்கியிருக்கிறான். குற்றாலம், செங்கோட்டை, சீசனில் ஆரியங்காவு வழியாகச் சபரிமலை என்று ஓட்டம். நாலு பேர், மேலே லக்கேஜ், ஏசி போட்டு ஆரியங்காவு ஏத்தத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்பது அவன் குறை. தெரிந்த பட்டறையில் "பதினெட்டாயிரம் ஆகும், ஒரு பெட்டி மாட்டிருவோம், அப்புறம் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, நீங்க கம்ப்யூட்டர் ஆளு, இது நல்லதா கெட்டதா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று போன் பண்ணினான். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமாக அது இல்லை.

பெட்டி என்ன செய்கிறது என்பதில் இருந்து ஆரம்பிப்போம். இன்றைய டீசல் எஞ்சின்களில் பம்ப் டீசலை உயர் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி வைக்கிறது. காமன் ரெயில் என்பது அதுதான். டிசைரில் இருக்கும் 1.3 லிட்டர் எஞ்சினில் முழு வேகத்தில் அந்த அழுத்தம் 1,400 பார் அளவுக்குப் போகும். உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். அந்த ரெயிலில் ஒரு சென்சார் உண்டு. 5 வோல்ட் வாங்கிக்கொண்டு, அழுத்தத்துக்கு ஏற்ப அரை வோல்ட்டில் இருந்து நாலரை வோல்ட் வரை திருப்பிக் கொடுக்கும். இ.சி.யு. எனப்படும் எஞ்சின் கம்ப்யூட்டர் அந்த வோல்ட்டைப் படித்து, தான் கேட்ட அழுத்தம் வந்துவிட்டதா என்று பார்த்து, பம்பைக் கூட்டிக் குறைக்கும்.

பெட்டி இந்தச் சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவில் உட்காருகிறது. சென்சார் "1,200 பார்" என்று சொன்னால், பெட்டி அதை "1,100" என்று மாற்றி அனுப்பும். இ.சி.யு. "ஐயோ, குறையுதே" என்று பம்பை முடுக்கும். உண்மையான அழுத்தம் ஏறும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் அதேதான். ஆனால் அந்த நேரத்தில் கூடுதல் டீசல் உள்ளே போகும். கூடுதல் டீசல், கூடுதல் பவர். அவ்வளவுதான் ரகசியம். எங்கள் தொழிலில் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் ஒருவன் புகுந்து செய்தியைத் திருத்தி அனுப்பினால் அதைத் தாக்குதல் என்போம். இங்கே அதற்குப் பில் போட்டு, கியாரண்டி கார்டும் கொடுக்கிறார்கள்.

கணக்குப் பார்க்கலாம். ஒரு துவாரத்தின் வழியே பீறிடும் திரவத்தின் அளவு அழுத்தத்தோடு நேராக ஏறாது. அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். 10 சதவீதம் அழுத்தம் கூட்டினால் டீசல் ஏறக்குறைய 5 சதவீதம்தான் கூடும். அட்டையில் போட்டிருக்கும் 30 சதவீதப் பவருக்கு 30 சதவீதம் டீசல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 69 சதவீதம் ஏற வேண்டும். 1,400 பார் 2,366 பார் ஆக வேண்டும். அந்தப் பம்பும் ரெயிலும் அதற்குக் கட்டியவை அல்ல. ஆகவே ரெயில் சென்சாரை மட்டும் ஏமாற்றுகிற ஒற்றை வயர் பெட்டி முழு வேகத்தில் 30 சதவீதம் தரவே முடியாது. நடு வேகத்தில், அழுத்தம் ஏற இடம் இருக்கும்போது, கொஞ்சம் நன்றாகவே தரும். ஓட்டுபவர் "சூப்பரா இழுக்குது" என்று சொல்வது அந்த நடு வேகத்தைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. விலை கூடிய பெட்டிகள் டர்போ அழுத்த சென்சாரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அவற்றின் கணக்கு வேறு, கொஞ்சம் நேர்மையானதும்கூட.

மைலேஜ் கதை இன்னும் சுவாரசியம். டேஷ்போர்டில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டுகிறதே, அதை யாரும் டேங்கில் அளந்து காட்டுவதில்லை. "நான் இவ்வளவு டீசல் விடச் சொன்னேன்" என்று இ.சி.யு. வைத்திருக்கும் கணக்கில் இருந்து வருவது அது. பெட்டி மாட்டிய வண்டியில் இ.சி.யு. சொன்னது ஒன்று, போனது அதைவிடக் கூடுதல். இழுவை கூடியதால் ஓட்டுபவர் பெடலைக் கொஞ்சம் குறைவாக மிதிப்பார், இ.சி.யு. இன்னும் குறைவாகக் கணக்கு வைக்கும், திரையில் மைலேஜ் ஏறும். அதைப் போட்டோ எடுத்து "பாருங்க, ரெண்டு கிலோமீட்டர் கூடிருச்சு" என்று அனுப்புகிறார்கள். பெட்டி சொன்ன பொய்தான் திரையில் எண்ணாகத் திரும்பி வருகிறது. அதைப் பெட்டிக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. மைலேஜ் பார்க்க வேண்டுமானால் டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஓட்டி, அதே பங்கில் மறுபடி விளிம்பு வரை நிரப்பிப் பார்க்க வேண்டும். பழைய முறைதான்; ஆனால் அதை ஏமாற்ற எந்த கனெக்டரும் இல்லை.

ஆனால் என்னுடைய முக்கியப் புகார் பவரையோ மைலேஜையோ பற்றியது அல்ல. அந்த ரெயில் சென்சார் இரண்டு வேலை பார்க்கிறது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்த எண் கொடுப்பது ஒன்று. அழுத்தம் எல்லை தாண்டினால் அபாயம் சொல்வது இன்னொன்று. உயர் அழுத்தக் கோளாறு என்று இ.சி.யு. ஒரு குறியீட்டைப் பதிந்து, எஞ்சினின் பவரைக் குறைத்து, மஞ்சள் விளக்கு எரியவிட்டு ஓட்டுபவரை ஓரங்கட்ட வைப்பது இந்த ஒரே எண்ணை நம்பித்தான். பெட்டி அந்த எண்ணைக் குறைத்துச் சொன்ன நிமிடமே, பவரோடு சேர்த்துக் காவலாளியின் கண்ணையும் கட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வயர். ஒன்றை மட்டும் மாற்ற வழியில்லை. "எங்கள் பெட்டியிலேயே பாதுகாப்பு வசதி இருக்கிறது" என்பார்கள். இருக்கலாம். ஆனால் எஞ்சினைச் செய்தவன் பல வருஷம் சோதித்து எழுதிய காவலை எடுத்துவிட்டு, வேறொருவன் எழுதிய காவலை வைக்கிறோம் என்பது அட்டையில் எந்த மொழியிலும் இல்லை.

புகைக்கும் இதே கதி. எவ்வளவு காற்று வருகிறது என்று அளந்து, அதற்கு மேல் டீசல் விடக்கூடாது என்று இ.சி.யு.வில் ஒரு வரம்பு உண்டு. இ.சி.யு.வின் கணக்கில் டீசல் வரம்புக்குள்தான் இருக்கிறது, நிஜத்தில் தாண்டிவிட்டது. மிச்ச டீசல் அரைகுறையாய் எரிந்து கரும்புகை ஆகும். கூடவே டர்போவுக்குள் போகும் வாயுவின் சூடும் ஏறும்.

கம்பெனிக்காரனே இந்த வேலையை எப்படிச் செய்தான் என்று பார்த்தால் பல விஷயம் விளங்கும். டிசைரில் இருக்கும் 1,248 சிசி எஞ்சின் ஃபியட்டின் மல்டிஜெட். 2005-இல் சர்வதேச எஞ்சின் விருதில் தன் பிரிவில் பரிசு வாங்கியது. 2007-இல் ஸ்விஃப்ட் டீசலோடு நம்ம ரோட்டுக்கு வந்தது. அதற்கப்புறம் டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ, லீனியா என்று ஆளாளுக்கு அதே எஞ்சின். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. இந்த எஞ்சின் ஸ்விஃப்ட், டிசைரில் 75 குதிரைத் திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே எஞ்சின் எஸ்.எக்ஸ். 4, எர்டிகாவில் 90 குதிரைத் திறன், 200 நியூட்டன் மீட்டர். வித்தியாசம் 20 சதவீதம். பெட்டிக்காரர்கள் சொல்வதைவிடக் குறைவு. அந்த 20 சதவீதத்துக்கு அவர்கள் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றவில்லை, டர்போவையே மாற்றினார்கள். 75-இல் இருப்பது நிலையான வடிவ டர்போ. 90-இல் இருப்பது இறக்கைகள் வேகத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும் மாறும் வடிவ டர்போ. டீசலைக் கூட்டுவதற்கு முன்னால் காற்றைக் கூட்ட வேண்டும் என்பதுதான் காரணம். முறுக்குவிசையை 190-இல் இருந்து 200-க்கு மேல் ஏற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். கிளட்சும் கியர்பாக்ஸும் சுமப்பது முறுக்குவிசையை. நம் பெட்டியோ டர்போவைத் தொடாமல், காற்றைக் கூட்டாமல், முறுக்குவிசையைத்தான் முதலில் ஏற்றுகிறது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இது விமரிசனம் ஆகாது. கம்பெனிகள் கொஞ்சம் பவரை ஒதுக்கி வைத்துத்தான் விற்கின்றன. மோசமான டீசலுக்கு, வெயிலுக்கு, மலைக்கு, ஏர் ஃபில்டர் மாற்றாதவருக்கு என்று இடம் விடுகிறார்கள். வியாபாரத்துக்காகவும் விடுகிறார்கள்: போலோவில் ஒரே 1.5 லிட்டர் டீசல் 2014-இல் சாதா வண்டியில் 90 குதிரைத் திறனிலும் ஜி.டி. வண்டியில் 105-இலும் வந்தது. "கம்பெனி பூட்டி வச்சதை நாங்க திறக்கிறோம்" என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கம்பெனிகள் யோக்கியம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது இ.சி.யு.வுக்குள்ளேயே எழுதி வைத்த பொய்யால்தான். என்றாலும், இ.சி.யு.வின் மேப்பைத் திறந்து திருத்துகிற ரீமேப்புக்கும் பெட்டிக்கும் நான் வித்தியாசம் பார்க்கிறேன். ரீமேப் செய்பவர் இ.சி.யு.விடம் "இவ்வளவு விடு" என்று உண்மையைச் சொல்லி மாற்றுகிறார். காவலாளிக்குக் கண் தெரியும், டேஷ்போர்டு கணக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும். நம்ம ஊர்ப்பக்கம் கோவையில் பீட்ஸ், பெங்களூரில் ரேஸ் டைனமிக்ஸ் என்று இந்தத் துறையில் தெரிந்த பெயர்கள் உண்டு. ரேஸ் டைனமிக்ஸின் டீசல்ட்ரானிக் பெட்டி வகையைச் சேர்ந்தது. இவற்றை எழுதி, சோதித்து, தன் பெயரைப் போட்டு விற்பவர்களை, பெயரில்லாத அட்டைப்பெட்டிகளோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

பெயரில்லாதவற்றில் பாதி, பெட்டியே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகுகிற, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. "200 கிலோமீட்டர் ஓட்டுங்கள், உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்" என்று எழுதியிருக்கும். நைட்ரோ ஓ.பி.டி. 2 என்ற பெயரில் விற்ற ஒன்றை, குவார்க்ஸ்லேப் என்ற பிரெஞ்சுக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தார் பிரித்துப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். வண்டியோடு பேசத் தேவையான சிப்பே அதில் இல்லை. விளக்கை மின்னவைக்க ஒரு சின்ன சிப், அவ்வளவுதான். ஒரு வகையில் எஞ்சினுக்குத் தீங்கே செய்யாத ட்யூனர் அது ஒன்றுதான்! இன்னொரு வகை, பெடல் பெட்டி. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகச் சொல்லும். பவர் துளியும் கூடாது. முழுக்க மிதித்தால் முன்னும் பின்னும் ஒன்றே.

பட்டறைக்காரர் ஒரு வாரம் வைத்துப் பார்க்கப் பெட்டியைக் கொடுத்தார். நான் ஊருக்குப் போயிருந்தபோது மாட்டிப் பார்த்தோம். முந்தின நாள் இரவு நிறுத்திய வண்டி. ரெயிலில் அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும் என்பதற்காகக் காலையில்தான் பானெட்டைத் திறந்தேன். சென்சாரின் கனெக்டரைத்தான் கழற்ற வேண்டும். சென்சாரையோ இரும்புக் குழாயையோ தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கனெக்டரைக் கழற்றியதும் எனக்கு ஒரு சந்தேகம். அதன் பூட்டு நாக்கு ஏற்கெனவே ஒடிந்திருந்தது. யாரோ டேப் சுற்றி வைத்திருந்தார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் வெட்டப்பட்ட கேபிள் டை ஒன்று, பக்கத்திலேயே இரண்டு விரல் அகலத்துக்குப் பஞ்சு டேப்பின் பசை. அந்த இடத்தில் கம்பெனி எதையும் ஒட்டுவதில்லை.

இதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். முந்தைய ஓனர் வேறு எதையாவது மாட்டியிருக்கலாம். ஆனால் பட்டறைக்காரரிடம் காட்டினோம். அவரே சிரித்துவிட்டு, "இந்த வண்டி ஏற்கெனவே பெட்டி போட்ட வண்டிதான் தம்பி" என்றார்.

சோதனைக்கு இரண்டு மல்டிமீட்டர். ஒன்று சென்சார் தரும் வோல்ட்டுக்கு, ஒன்று பெட்டி இ.சி.யு.வுக்கு அனுப்பும் வோல்ட்டுக்கு. ஐடிலில் இரண்டும் ஒன்றாகவே நின்றன. ரோட்டில் மூன்றாவது கியரில் மிதிக்க மிதிக்க, பெட்டியின் எண் பின்தங்கியது. போனில் ஓ.பி.டி. ஆப்பிலும் அழுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அது பெட்டி சொன்ன எண்ணைத்தான் சமத்தாகக் காட்டியது. அப்புறம் விடியற்காலையில் ஆளில்லாத நேராக ஓடும் ரோட்டில் 40-இல் இருந்து 80 வரை, மூன்றாவது கியரிலேயே, பெட்டியோடும் பெட்டி இல்லாமலும், போகும் திசை வரும் திசை இரண்டிலும் நேரம் எடுத்தோம். எடையும் வேகமும் ஒன்றாக இருந்தால் நேரம் 5 சதவீதம் குறைவது பவர் ஏறக்குறைய 5 சதவீதம் கூடியதற்குச் சமம். வித்தியாசம் இருந்தது, நிஜமாகவே இருந்தது. அட்டையில் போட்டதில் பாதிகூட இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகை.

நாலாவது முறை மிதித்தபோது ஆர்.பி.எம். முள் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. இப்போது புரிந்தது. ஆரியங்காவு ஏத்தத்தில் அவன் "இழுக்கலை" என்று சொன்னதில் பாதி எஞ்சினின் குறை அல்ல. எஞ்சின் தந்ததைக் கிளட்ச் சக்கரத்துக்குக் கொண்டுபோகவில்லை. மீதிப் பாதி, டர்போவில் இருந்து வரும் ரப்பர் குழாயில் விரல் நுழையாத ஒரு கீறல். அழுத்தம் ஏறும்போது மட்டும் திறந்து காற்றை விடும் கீறல். கூடுதல் முறுக்குவிசையில் தேய்ந்த வண்டிக்கு, இழுக்கவில்லை என்று மறுபடியும் அதே மருந்தை விற்கப் பார்த்திருக்கிறார்கள். தெரிந்து செய்ததாக நான் நினைக்கவில்லை. தடயம் இல்லாவிட்டால் மெக்கானிக்குக்கு மட்டும் எப்படித் தெரியும்?

குழாய் மாற்றி, கிளட்ச் செட் போட்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கிளட்ச் செலவுக்காக அவன் ஒரு மாதத் தவணையைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு சபரிமலை ட்ரிப் கூடுதலாக ஓட்டினான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்பில் இருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் பிடிப்பது யார்? டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, சைலன்சரில் குழாயை வைப்பார்கள். பி.எஸ். 4 வண்டிக்கு 50 என்பது வரம்பு. பாரமே இல்லாத எஞ்சின். பெட்டி விழித்துக்கொள்வதோ பாரத்தில்தான். ஆரியங்காவு ஏத்தத்தில் பின்னால் வரும் பைக்காரரின் முகத்தில் அடிக்கும் புகை சான்றிதழில் ஏறுவதே இல்லை. விபத்து நடந்து இன்சூரன்ஸ் ஆள் பானெட்டைத் திறந்தால் மட்டும் கதை வேறு.

டர்போ பெட்ரோலுக்கு இப்போது பெட்டிகள் நிறைய வருகின்றன. டீசல்களை நிறுத்திய பிறகு சந்தை அந்தப் பக்கம் போகிறது. அங்கே ஏமாற்றுவது டர்போ அழுத்த சென்சாரை. அதில் ஆபத்து வேறு மாதிரி: காற்றும் அழுத்தமும் கூடி, எஞ்சின் சூடாகி, தீச்சுடர் வந்து சேரும் முன்னாலேயே பெட்ரோல் தானாக வெடிப்பது. நாக் சென்சார் அதைக் கேட்டு இக்னிஷனைத் தள்ளிப்போடும்; நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பவரை அது திருப்பி எடுத்துக்கொள்ளும். மே மாத வெயிலில், பங்கில் கிடைக்கும் சாதா பெட்ரோலில், பெட்டிக்கு விசேஷப் பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வளவுக்கு மேலும் மாட்டியே தீருவேன் என்பவர் முதலில் வண்டியை அதன் பழைய பவருக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டர், டர்போ குழாய், கிளட்ச், டயர் காற்று. தொலைந்ததைத் தேடாமல் புதிதாகக் கேட்கக்கூடாது. அதற்கப்புறம் பெயரும் முகவரியும் உள்ள ஆளிடம், உங்கள் எஞ்சினுக்கென்றே மேப் எழுதிய பெட்டி. கூடவே நேர்வழிக் கனெக்டர் தருகிறாரா என்று பாருங்கள். பெட்டி ரோட்டில் செத்துப்போனால் அதைச் செருகி வீடு வந்துவிடலாம். மாட்டும் இடம் டர்போவுக்கும் சைலன்சருக்கும் எட்ட இருக்க வேண்டும். வயரைத் தொங்கவிடாதீர்கள், நம்ம ஊர் எலிக்கு அது போதும். மிகக் குறைந்த செட்டிங்கில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய டர்போ வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஓடோமீட்டரையும் பெயின்டையும் பார்க்கும்போது, பானெட்டைத் திறந்து ரெயில் சென்சார் கனெக்டரின் பூட்டு நாக்கையும் பாருங்கள். பேட்டரிப் பக்கம் வெட்டிய கேபிள் டை, டேப் பசை, கம்பெனிக்குரியதல்லாத வயர் உறை இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடுங்கள். நாலாவது கியரில் 50-இல் போய்க்கொண்டிருக்கும்போது முழுக்க மிதியுங்கள். ஆர்.பி.எம். ஏறி வண்டி ஏறாவிட்டால், கிளட்ச் செட் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.